கானகம் காணப் புறப்படுமுன்



பெங்களூரில் ஆஸ்டின் டவுன் என்று ஒரு பகுதி உண்டு. சிறு வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் பழைய குடியிருப்பு அது. தமிழும் கன்னடமும் உருதுவும் ஆங்கிலமும் ஒரே தெருவில் கலந்து ஒலிக்கும். பள்ளிக்கூட விடுமுறை நெருங்கிவிட்டால், அங்கே வீட்டுக்கு வீடு எழுகின்ற கேள்வி ஒன்றுதான்: "இம்முறை எங்கே போகலாம்?" உறவினர் ஊருக்குப் போவதென்றால் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ரயிலில் இடம் பதிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதியை அங்குள்ள உறவினர் பார்த்துக்கொள்வர். ஆனால், "யானையைக் காட்டில் பார்க்க வேண்டும்" என்று குழந்தைகள் சொல்லிவிட்டால், அப்போதுதான் உண்மையான திட்டமிடும் வேலை தொடங்குகிறது. எந்தச் சாலை வழியே போவது? இரவில் எங்கே தங்குவது? எந்த நேரத்தில் எந்த வாயிலைக் கடப்பது? இம்மூன்று கேள்விகளுக்கும் வீட்டிலிருந்து கிளம்புமுன்பே விடை காண வேண்டும். அதைப் பற்றியே இன்று சில கருத்துகளைச் சொல்ல விரும்புகிறோம்.

பெங்களூரில் வாழ்வோர் ஒரு வகையில் பேறு பெற்றவர்கள். காலையில் காரில் புறப்பட்டால் பிற்பகலுக்குள் சென்றடையக்கூடிய தொலைவில் நான்கு பெருங்காடுகள் ஒன்றோடொன்று இணைந்து கிடக்கின்றன. கர்நாடகத்தில் பந்திப்பூரும் நாகரஹொளேயும், தமிழ்நாட்டில் முதுமலையும், கேரளத்தில் வயநாடும் அவை. பந்திப்பூருக்கும் நாகரஹொளேக்கும் இடையே கபினி ஆறு எல்லை. பந்திப்பூருக்கும் முதுமலைக்கும் இடையே மோயாறு எல்லை. இந்த எல்லைகள் நம்முடைய நிலப்படத்தில் உள்ளவையே அன்றி, யானைக்கும் புலிக்கும் அவற்றைப் பற்றிக் கவலையில்லை. 1931ஆம் ஆண்டில் மைசூர் மகாராஜா 90 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு சரணாலயம் அமைத்தார். அதுவே வளர்ந்து, 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது, அதில் சேர்க்கப்பட்ட முதல் ஒன்பது காடுகளுள் ஒன்றாகிய பந்திப்பூராயிற்று. முதுமலை 1940இல் சரணாலயமாயிற்று. நாகரஹொளே 1955இல் சரணாலயமாகிப் பின்னர் 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. 1986இல் இக்காடுகளையெல்லாம் உள்ளடக்கி நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பந்திப்பூரில் 150 புலிகளும், நாகரஹொளேயில் 141 புலிகளும், முதுமலையில் 114 புலிகளும் இருந்தன. இத்தகைய செல்வத்தின் நடுவே நமது நெடுஞ்சாலைகள் ஓடுகின்றன. இங்குத் திட்டமிடுதல் நம் வசதிக்காக மட்டும் அன்று என்பதை இதிலிருந்தே உணரலாம்.

இதை நாங்கள் புத்தகத்திலிருந்து கற்கவில்லை. ஒரு தவற்றிலிருந்து கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன், தசரா விடுமுறையில், குடும்பத்தோடு மசினகுடிக்குப் புறப்பட்டோம். முதுமலைக் காட்டின் ஓரத்தில் உள்ள ஊர் அது. தங்கும் விடுதியை முன்கூட்டியே பதிவு செய்திருந்தோம், முன்பணமும் கட்டியிருந்தோம். ஆகவே எல்லாம் ஆயத்தமாகிவிட்டது என்ற நிம்மதியோடு, வீட்டில் மதிய உணவை முடித்துக்கொண்டு, இரண்டரை மணிக்கு ஆஸ்டின் டவுனிலிருந்து கிளம்பினோம். நகரத்தைக் கடப்பதற்கே ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. மைசூரில் தசரா விளக்குகளைக் காணத் திரண்ட கூட்டத்தில் கார் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. நஞ்சன்கூட்டில் சிறிது நேரம் இளைப்பாறினோம். பந்திப்பூர்க் காட்டின் நுழைவாயிலான மேலுகாமனஹள்ளிச் சோதனைச் சாவடியை நாங்கள் அடைந்தபோது மணி ஒன்பது பத்து. குறுக்குக் கம்பம் இறக்கப்பட்டிருந்தது.

வனக்காவலரிடம் கெஞ்சிப் பார்த்தோம். வண்டியில் வயது முதிர்ந்த பாட்டி இருப்பதைக் காட்டினோம். விடுதிக்குப் பணம் கட்டியிருப்பதைச் சொன்னோம். பத்து நிமிடம்தானே என்று வாதாடினோம். அவர் கோபிக்கவில்லை. "உங்களுக்குப் பத்து நிமிடம், ஐயா. உங்களுக்குப் பின்னால் நிற்கும் லாரிக்கு இருபது நிமிடம். அதற்குப் பின்னால் வருகிறவருக்கு அரை மணி. நான் எந்த இடத்தில் நிறுத்துவது?" என்று கன்னடத்தில் அமைதியாகக் கேட்டார். எங்களிடம் விடையில்லை. குண்டலுப்பேட்டைக்குத் திரும்பினோம். தசரா நாளாகையால் விடுதிகள் நிரம்பியிருந்தன. மூன்றாவது இடத்தில் ஓர் அறை கிடைத்தது. பாட்டிக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் பாய் விரித்துப் படுத்தோம்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கம்பம் உயர்ந்ததும் முதல் வண்டிகளுள் ஒன்றாக உள்ளே சென்றோம். சிறிது தூரம் போனதும், சாலையின் நடுவே யானைச் சாணம் கிடந்தது. அதன் வெம்மை இன்னும் ஆறவில்லை. அருகிலேயே குட்டியின் சிறு அடிச்சுவடுகள், ஈரமண்ணில், சாலையின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் சென்றிருந்தன. இரவு நாங்கள் எந்தச் சாலைக்காக வாதாடினோமோ, அந்தச் சாலையை ஒரு தாயும் குட்டியும் அஞ்சாமல் கடந்து போயிருக்கின்றன. வண்டிக்குள் ஒருவரும் பேசவில்லை. பாட்டிதான், "நல்லவேளை, அந்த மனிதர் நம்மை விடவில்லை" என்றாள்.

ஆகவே, நேயர்களே, காட்டுப் பயணத்துக்கு நாம் வகுக்கும் முதல் விதி இதுதான்: கணக்கை வீட்டிலிருந்து தொடங்காமல், காட்டு வாயிலிலிருந்து தொடங்க வேண்டும். வாயில் எப்போது சாத்தப்படும் என்பதை முதலில் அறிந்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி மணிக்கணக்குப் போட்டு, எப்போது கிளம்புவது என்று முடிவு செய்ய வேண்டும்.

குண்டலுப்பேட்டையில் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, சுல்தான் பத்தேரி வழியாகக் கோழிக்கோட்டுக்குச் செல்லும் 766ஆம் எண் நெடுஞ்சாலை. மற்றொன்று, பந்திப்பூர், முதுமலை, கூடலூர் வழியாக உதகைக்குச் செல்லும் 181ஆம் எண் நெடுஞ்சாலை. காட்டுக்குள் செல்லும் இவ்விரு சாலைகளிலும் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை உண்டு. இரவில் வாகனங்களில் அடிபட்டு விலங்குகள் இறந்துகொண்டிருந்தமையால், 2009ஆம் ஆண்டில் சாமராஜநகர் மாவட்ட நிர்வாகம் இத்தடையை விதித்தது. 2010 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. ஆம்புலன்சு முதலான அவசர வண்டிகளுக்கும் குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. வயநாட்டு மக்களுக்கு இதனால் உண்டான இடர்ப்பாட்டையும் நாம் மறந்துவிடலாகாது. வாணிகத்துக்கும் மருத்துவத்துக்கும் மைசூரை நம்பியிருப்போர் அவர்கள். 2019இல் சுல்தான் பத்தேரியில் பெரும் போராட்டமே நடந்தது. வழக்கும் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஆனால் விடுமுறைக்குப் போகும் நமக்கு அத்தகைய நெருக்கடி எதுவும் இல்லை. நாம் சற்று முன்னதாகப் புறப்பட்டால் போதும்.

நாகரஹொளேப் பக்கம் செல்வோர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். ஹுணசூரிலிருந்து வீரனஹொசஹள்ளி வாயில் வழியாகக் குட்டாவுக்குச் செல்லும் காட்டுச்சாலை மாலை 6 மணிக்கே சாத்தப்படும். ஹெக்கடதேவன கோட்டையிலிருந்து பாவலி வழியாக மானந்தவாடிக்குச் செல்லும் சாலையும் அப்படியே. பந்திப்பூரில் ஒன்பது மணி என்று அறிந்தவர், இங்கும் ஒன்பது என்று எண்ணி வந்தால் ஏமாறுவார். கோயம்புத்தூர், ஈரோட்டுப் பக்கத்திலிருந்து சத்தியமங்கலம் வழியாக வரும் நேயர்களுக்கும் ஒரு சொல். திம்பம் மலைச்சாலையில், சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி, 2022 பிப்ரவரி முதல் இரவுத் தடை நடைமுறைக்கு வந்தது. கைப்பேசியிலுள்ள வழிகாட்டி நமக்குக் குறுக்கு வழியைக் காட்டும்; அந்த வழியில் கம்பம் எந்த நேரத்தில் இறங்கும் என்பதை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரவு ஒன்பது மணி என்பது சட்டம் வகுத்த எல்லை. நாம் வகுத்துக்கொள்ள வேண்டிய எல்லை மாலை ஆறு. அந்திக்குப்பின் யானைக்கூட்டங்கள் சாலையோரத்துக்கு வருகின்றன. பழக்கமில்லாத ஓட்டுநர் அந்நேரத்தில் காட்டுச்சாலையில் செல்லாதிருப்பதே நலம். வாயிலிலிருந்து மைசூருக்கு இரண்டு மணி நேரம். மைசூரிலிருந்து பெங்களூர் எல்லைக்கு இரண்டரை மணி. ஆஸ்டின் டவுனிலிருந்து அந்த எல்லைக்கு, பகல் நேரமானால், ஒன்றேகால் மணி. உணவுக்கும் இளைப்பாறலுக்கும் இரண்டு மணி. ஆக, ஏறக்குறைய எட்டு மணி நேரம். காலை பத்து மணிக்கு மேல் கிளம்புவோர் மாலை ஆறுக்குள் போய்ச் சேர இயலாது. விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பினால், நகரைக் கடக்கும் நேரம் பாதியாகக் குறையும். நண்பகலுக்குள் காட்டின் விளிம்பை அடைந்துவிடலாம்.

அடுத்து, வழி. ஆஸ்டின் டவுனிலிருந்து ஓசூர்ச் சாலை, பன்னேர்கட்டாச் சாலை வழியாகத் தெற்கே போய், சுங்கம் செலுத்தி நைஸ் சாலையில் ஏறினால், நகரத்தின் நெரிசலில் சிக்காமல் மைசூர்ச் சாலையைப் பிடிக்கலாம். 2023 மார்ச்சில் பெங்களூர் மைசூர் விரைவு நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. அது பிடதி, ராமநகரம், சன்னபட்டணம், மத்தூர், மண்டியா, சீரங்கப்பட்டணம் ஆகிய ஊர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டுச் செல்கிறது. ஆகையால், பழைய நாளைப்போல வழியில் தானாகவே மத்தூர் வடை கிடைக்கும் என்று எண்ணலாகாது. எங்கே இறங்கி உண்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, உரிய இடத்தில் பக்கச்சாலைக்கு இறங்க வேண்டும். முதியோரும் குழந்தைகளும் உள்ள வண்டிக்கு இது மிகவும் முக்கியம். இருசக்கர வண்டிகளும் ஆட்டோக்களும் 2023 ஆகஸ்டு முதல் இந்நெடுஞ்சாலையின் மையப்பகுதியில் அனுமதிக்கப்படவில்லை. அவை பக்கச்சாலைகளில் செல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளில் செல்லும் இளைஞர்களுக்கும், விரைவைவிட அமைதியை விரும்புவோர்க்கும் மற்றொரு வழி உண்டு: கனகபுரா, மளவள்ளி, கொள்ளேகால், சாமராஜநகர் வழியாகக் குண்டலுப்பேட்டைக்கு வரும் சாலை. நேரம் சற்று அதிகம். ஆனால் மைசூரின் நெரிசல் இல்லை. தசரா நாட்களில் இதுவே உகந்த வழி என்பதை நாங்கள் பின்னர்க் கண்டுகொண்டோம்.

குண்டலுப்பேட்டையில் பெட்ரோல் நிரப்பிக்கொள்வதும், குடிநீர் எடுத்துக்கொள்வதும், மருந்து வாங்கிக்கொள்வதும் நல்லது. காட்டுக்குள் இவை கிடையா. கைப்பேசித் தொடர்பும் பல இடங்களில் அறுந்துபோகும். விடுதியின் தொலைபேசி எண்ணையும், பதிவுச்சீட்டையும், வழியையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது பழங்காலத்து வழக்கமாகத் தோன்றலாம். காட்டில் இன்றும் அதுவே கைகொடுக்கிறது.

இனி, தங்குமிடம். காட்டைச் சுற்றித் தங்குமிடங்களை மூன்று வட்டங்களாகப் பிரித்துப் பார்க்கலாம். வெளிவட்டம், மைசூர், நஞ்சன்கூடு, குண்டலுப்பேட்டை ஆகிய ஊர்கள். இங்கே எல்லா வசதிக்கும் ஏற்ற விடுதிகள் உண்டு. மருத்துவமனையும் அருகில் இருக்கும். கைக்குழந்தையோடும் நோயாளியோடும் செல்வோர் இங்கே தங்கி, பகலில் காட்டுக்குச் சென்று மீள்வதே சிறந்தது. நடுவட்டம், காட்டின் விளிம்பிலுள்ள ஊர்கள். பந்திப்பூர்ப் பக்கத்தில் ஹங்களாவும் மேலுகாமனஹள்ளியும், நாகரஹொளேப் பக்கத்தில் கபினிக் கரையும், முதுமலைப் பக்கத்தில் மசினகுடியும் இவ்வகை. கர்நாடக அரசு 1980இல் தொடங்கிய ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனத்தின் விடுதிகள் பந்திப்பூரிலும் கபினியிலும் உள்ளன. அங்கே தங்கும் கட்டணத்திலேயே உணவும் காட்டுச்சுற்றும் பெரும்பாலும் அடங்கிவிடும். கட்டணம் அதிகமாகத் தோன்றினும், தனித்தனியே கூட்டிப் பார்த்தால் வேறுபாடு அத்தனை இராது. உள்வட்டம், வனத்துறையின் சொந்தத் தங்குமிடங்கள். பந்திப்பூரிலும் தெப்பக்காட்டிலும் அவை உள்ளன. அறைகள் சில, கேட்போர் பலர். ஆகவே பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். வசதிகள் எளியவை. ஆனால் இரவில் புள்ளிமான்கள் முற்றத்தில் மேயும் ஓசையைக் கேட்டுக்கொண்டே உறங்குவதற்கு விலை ஏது?

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். முதலாவது: விடுதி வாயிலுக்கு இப்பக்கம் உள்ளதா, அப்பக்கம் உள்ளதா? எங்கள் தவறு இக்கேள்வியைக் கேளாததிலேயே தொடங்கியது. இரண்டாவது: விடுதிக்கு முறையான அரசு அனுமதி உண்டா? மூன்றாவது: காட்டுச்சுற்று வனத்துறையின் வண்டியிலா, அல்லது தனியார் ஜீப்பிலா? நான்காவது: இரவில் "விலங்கு காட்டுகிறோம்" என்று அழைத்துச் செல்கிறார்களா? ஆம் என்று விடை வந்தால், அந்த விடுதியை விட்டுவிடுங்கள். இரவுச்சுற்று சட்டத்துக்குப் புறம்பானது. விலங்குக்கும் நமக்கும் ஆபத்தானது.

இரண்டாவது கேள்வியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? நீலகிரி மலைக்கும் மோயாற்றுப் பள்ளத்தாக்குக்கும் இடையே சீகூர்ப் பீடபூமி என்ற ஒரு குறுகிய நிலப்பகுதி உள்ளது. மேற்குத்தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத்தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் வழி அது. ஒருபுறம் செங்குத்தான மலை, மறுபுறம் ஆழ்ந்த பள்ளம். யானைக்கு வேறு பாதை கிடையாது. அந்தப் பாதையின் மீதே பல விடுதிகள் எழுந்தன, மின்வேலிகள் போடப்பட்டன. யானை வழித்தடத்தை மீட்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. 2018இல் உச்ச நீதிமன்ற ஆணைப்படி பல விடுதிகளுக்கு முத்திரையிடப்பட்டது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது. மூன்று மாதங்களுக்குள், 2021 ஜனவரியில், மசினகுடி அருகே தங்கும் விடுதி ஒன்றின் பக்கம் வந்த யானையின் மீது எரியும் டயரை வீசினார்கள். தலையில் தீயோடு அந்த யானை ஓடிய காட்சியை நாடே படமாகக் கண்டு கலங்கிற்று. அந்த யானை இறந்தது. அது வழி தவறி விடுதிக்கு வரவில்லை. விடுதிதான் அதன் வழியில் இருந்தது. நாம் கொடுக்கும் அறை வாடகை இத்தகைய இடத்துக்குப் போய்ச்சேருமானால், நமக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஆகவே அனுமதியைப் பற்றிக் கேட்பது வெறும் சட்டப்பேச்சு அன்று.

முதுமலைக்கும் உதகைக்கும் செல்வோர் அறிய வேண்டிய செய்தி ஒன்று. நீலகிரி மாவட்டத்துக்குள் வரும் வெளியூர் வண்டிகள் இணையவழி அனுமதிச்சீட்டு பெற வேண்டும் என்ற முறை, சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி, 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டுக் கோடையில் வார நாட்களில் 6000 வண்டிகள், வார இறுதியில் 8000 வண்டிகள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. தெப்பக்காடும் மசினகுடியும் நீலகிரி மாவட்டத்தைச் சேர்ந்தவையே. ஆகவே கிளம்புமுன் அன்றைய விதியைப் பார்த்துச் சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். நெகிழிப் புட்டிகளையும் பைகளையும் எல்லையில் எடுத்துக்கொள்வார்கள். எவர்சில்வர் கூஜாவில் தண்ணீர் கொண்டுபோவதே சிறந்தது. மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிச் சாலை தூரத்தில் குறுகியது. ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. 2018இல் நேர்ந்த கொடிய விபத்துக்குப் பின் வெளியூர் வண்டிகள் அவ்வழியே இறங்குவதற்குத் தடை விதிக்கப்பட்டது. மலைச்சாலைப் பழக்கம் இல்லாதவர்கள் ஏறுவதற்கும் கூடலூர் வழியையே மேற்கொள்ளலாம். தூரம் அதிகமானாலும் மனத்துக்கு நிம்மதி.

மற்றொன்று: காட்டின் நிலைமை எப்போதும் ஒன்றுபோல் இராது. கோடையில் காட்டுத்தீ அச்சம் உண்டு. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் பெருந்தீ பரவியது. 2025 நவம்பரில், காட்டோர ஊர்களில் புலி தாக்கி மக்கள் உயிரிழந்ததை அடுத்து, பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் காட்டுச்சுற்றை நிறுத்திவைக்கக் கர்நாடக அரசு ஆணையிட்டது. அறை பதிவு செய்தவர்கள் பலர் ஏமாற்றம் அடைந்திருப்பர். ஆனால் எண்ணிப் பாருங்கள். வயலுக்குப் போன உழவன் மீளவில்லை. அந்த ஊரில் நம் சுற்றுலா வண்டி ஓடுவது தகுமா? ஆகையால் பதிவு செய்யும்போதே, காட்டுச்சுற்று நின்றுபோனால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் வனத்துறையிடம் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு, மூன்று நாள் பயணம் ஒன்றை இப்படி அமைக்கலாம். முதல் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, மைசூரில் காலையுணவு. நஞ்சன்கூட்டுக் கோயிலில் வழிபாடு. நண்பகலுக்குள் ஹங்களாவிலோ மேலுகாமனஹள்ளியிலோ தங்குமிடம் சேர்தல். பிற்பகல் வனத்துறை வண்டியில் காட்டுச்சுற்று. இரண்டாம் நாள் காலை, கம்பம் உயர்ந்தபின் நிதானமாகக் காட்டைக் கடந்து தெப்பக்காடு. அங்குள்ள யானை முகாமில் யானைகளுக்கு உணவூட்டுவதைக் குழந்தைகள் காணலாம். கவளத்தை வாங்கிக்கொள்ள யானை வாயைத் திறக்கும் அழகை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். அன்றிரவு தெப்பக்காட்டில் தங்கல். மூன்றாம் நாள் முற்பகலில் புறப்பட்டு, வழியில் ஹிமவத் கோபாலசுவாமி மலை. அங்கே சொந்த வண்டி மேலே செல்லாது. அடிவாரத்தில் நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் ஏற வேண்டும். பின்னர் இரவுக்குள் ஆஸ்டின் டவுன். ஒரே பயணத்தில் நான்கு காடுகளையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். சாலையிலேயே பொழுது கழிந்துவிடும். குழந்தைகள் காரின் கண்ணாடியைத்தான் பார்த்திருப்பார்கள்.

இவ்வளவு தூரம் செல்ல இயலாதவர்களுக்குப் பன்னேர்கட்டா இருக்கிறது. 1974இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அது, நகருக்கு மிக அருகில் உள்ளது. காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம்; விடுதிச் செலவு இல்லை. செவ்வாய்க்கிழமை அங்குள்ள உயிரியல் பூங்காவுக்கு விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இறுதியாக ஒரு சொல். காட்டுச்சாலையில் வண்டியை நிறுத்தாதீர்கள், இறங்காதீர்கள், விலங்குக்குத் தின்பண்டம் வீசாதீர்கள். 2025 ஆகஸ்டில் பந்திப்பூர்ச் சாலையில் யானையைப் படம்பிடிக்க இறங்கிய ஒருவரை அது துரத்தி மிதித்தது. உயிர் தப்பியது அவர் செய்த புண்ணியம். வனத்துறை 25,000 ரூபாய் அபராதமும் விதித்தது. யானையின் மேல் குற்றம் சொல்ல முடியுமா?

நாம் விருந்துக்குப் போனால், வீட்டுக்காரர் உறங்கும் நேரத்தையும் உண்ணும் நேரத்தையும் அறிந்தே போகிறோம். அந்த மரியாதையைக் காட்டுக்கும் அளித்தால், நம் பயணமும் இனிதாகும். அந்தச் சாலையைக் கடக்கும் தாய்க்கும் குட்டிக்கும் வழி கிடைக்கும். அடுத்த விடுமுறையில் நீங்கள் மேலுகாமனஹள்ளி வாயிலைப் பகல் வெளிச்சத்தில் கடந்து செல்வீர்கள் என்று நம்புகிறோம்.